விலாசம் மாறிய மழை

எங்கள் மரக்காணத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கல்வெட்டில் தொடங்கி உப்பளங்களின் பரப்பளவில் வந்து நிற்பார்கள். தாலுகா அலுவலகங்களிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்ற எனக்கு இரண்டும் மனப்பாடம். ஆனால் என்னை எழுதச் சொன்னால் ஒரு மழையில்தான் தொடங்குவேன். வைகாசி மாத மழை அது. கேட்டவர்களுக்குப் பெய்யாமல் கேட்காதவர்களுக்குப் பெய்தது. அதற்கு மனுதாரர் நான். வயது ஒன்பது.

எங்கள் ஊரில் கோடையில் மழை வேண்டும் என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தை பிறந்ததும் கடலோரக் கழியின் உப்புத்தண்ணீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் காயவிட்டு, பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். அந்தக் குவியலுக்கு அம்பாரம் என்று பெயர். நடுவில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும், மாதக்கணக்கான வேலை வந்த வழியே கழிக்குத் திரும்பிவிடும். ஆகவே அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் மழை விஷயத்தில் மட்டும் ஒரே கட்சி.

அம்மா பிறந்தது பிரம்மதேசத்தில். பஸ்ஸில் போனால் மேற்கே முக்கால் மணி நேரம். அங்கே எல்லாம் நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும். ஏரி வானத்தை நம்பியது, ஊர் ஏரியை நம்பியது. இப்படி இரண்டு ஊர்கள் ஒன்றுக்கொன்று பெண் கொடுத்துப் பெண் எடுப்பதற்கு யாரும் ஆட்சேபணை தெரிவிக்காதது எனக்கு இன்றுவரை விளங்காத நிர்வாகக் கோளாறு.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கள் ஊரில் பஸ் ஏறும் முன் ஒருமுறை அண்ணாந்து வானத்தைப் பார்ப்பாள். பிரம்மதேசத்தில் இறங்கியதும் இன்னொரு முறை பார்ப்பாள். கேட்டால், "கழுத்து புடிச்சிக்கிச்சுடி" என்பாள். நான் நம்பினேன். வீட்டில் தைலப் புட்டி என் பொறுப்பில் இருந்தது.

அந்த வருஷக் கோடை விடுமுறைக்குப் புறப்பட்ட காலையில் அப்பா அளத்தில் நின்றிருந்தார். விடைபெற வரப்பு வழியாகப் போனோம். பாத்திகளில் வானம் விழுந்து கிடந்தது. மேலே ஒரு கொக்கு பறந்தால் காலடியிலும் ஒன்று பறந்தது. எது ஊர், எது நிழல் என்று தெரியாத அந்த வெளிச்சத்தில் அப்பாவின் அம்பாரம் மட்டும் திடமாக நின்றது, ஆளுயரத்துக்கு மேல், கண் கூசும் வெள்ளையாக. எங்கள் அரிசி, என் பள்ளிக்கூடம், தீபாவளி எல்லாம் அதற்குள் இருந்தன.

"அங்க போயி மழ கிழன்னு வேண்டிக்காதீங்க" என்று சிரித்தார் அப்பா. "லாரி வர இன்னும் பத்து நாளாவும்."

பிரம்மதேசத்தில் ஏரி வெடித்துக் கிடந்தது. நாங்கள் போன மறுநாள் ஊர் கூடிக் கொடும்பாவி இழுப்பதென்று முடிவு செய்தது. மழை வராமல் செய்த பாவி என்று ஒரு பெண் பொம்மையை வைக்கோலில் கட்டி, தெருத்தெருவாகத் தரையில் இழுத்துப்போய், செத்த வீட்டில் அழுவது போல அழுது, ஏரிக்கரையில் கொளுத்துவார்கள். அழுகை கேட்டு வானம் இரங்கும் என்பது நடைமுறை. வைக்கோல் கொடுத்தது என் பெரிய மாமா. பொம்மைக்குக் கட்டிவிட ஒரு பழைய புடவை தேவைப்பட்டது. அத்தை உள்ளே போய், அம்மா எப்போதோ விட்டுப்போன நீலப் புடவையை எடுத்து வந்தாள்.

எனக்கு அழும் உத்தேசமே இல்லை. மாமா மகனும் அவன் கூட்டாளிகளும் தகரம் தட்டிக்கொண்டு முன்னால் போனார்கள். "ஏய் உப்பளத்தா, உனக்கு அழுவத் தெரியுமா? உங்க ஊர்ல மழ வந்தாத்தான அழுவீங்க" என்று கேலி செய்தான் அவன். நான் முறைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். தெரு திரும்பியபோதுதான் பார்த்தேன். புழுதியில் நீலப் புடவை கட்டிக்கொண்டு, முகம் அந்தப் பக்கம் திரும்பி, அம்மா இழுபட்டுக்கொண்டு போனாள். அம்மா என் பக்கத்தில் நடந்து வருகிறாள் என்பது தெரியும். தெரிந்தும் ஓவென்று அழுதேன். நிறுத்த முடியவில்லை.

ஊரே திரும்பிப் பார்த்தது. பெண்கள் என்னை முன்வரிசைக்குத் தள்ளினார்கள். "எவ்ளோ சுத்தமா அழுவுது பாரு!" என்றாள் அத்தை. ஏரிக்கரையில் புடவை எரிந்து முடியும்வரை நான்தான் தலைமை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்கள் காய்ந்திருந்தன.

மறுநாள் சாயங்காலம் கிழக்கே மின்னியது. காற்று ஈரமாக அடித்தது. மண்வாசனை வந்தது. நாங்கள் தெருவில் கைகளை விரித்துக்கொண்டு சுற்றினோம். வாசனை மட்டும் வெகுநேரம் வந்துகொண்டே இருந்தது. ஒரு சொட்டு விழவில்லை.

விடிந்ததும் எங்கள் ஊரிலிருந்து வந்த முதல் பஸ்ஸின் கண்டக்டர் அம்மாவைப் பார்த்துவிட்டுப் படியிலிருந்தே சொன்னார். "உங்க ஊர்ல நேத்து ஊத்து ஊத்துன்னு ஊத்திடுச்சும்மா. அளத்துல பாதி கரைஞ்சி போச்சாம். இன்னிக்குச் சாயங்காலமும் வரும்னு பேசிக்கிறாங்க."

மாமா மகன் என்னைப் பார்த்தான். "நீதானடி அழுத? உன் விலாசத்துக்கே அனுப்பிட்டாங்க."

அவன் விளையாட்டாகச் சொன்னான். எனக்கோ எல்லாம் தெளிவாகிவிட்டது. குறை எந்த ஊரில் இருந்தாலும் பதில் மனுதாரரின் விலாசத்துக்குத்தான் போகும். பிற்காலத்தில் அலுவலகத்தில் நானும் அப்படித்தான் அனுப்பினேன்.

மாமா வைக்கோற்போரைப் பிரித்து வண்டியில் ஏற்றத் தொடங்கினார். அம்பாரத்தின் மேல் ஓலை போடுவது ஐப்பசி மழைக்கு முன்புதான். வைகாசியில் எங்கள் ஊரில் யாரிடமும் ஓலை இருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அம்மா வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "மாட்டுக்கு என்னாண்ணா பண்ணுவ? போருல மிச்சமே இல்லியே."

"மாடு பொறுத்துக்கும். உப்பு பொறுக்குமா? ஏறு."

வைக்கோலின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு வந்தேன். பனைமரங்கள் தலைகீழாக மிதந்து போயின. மாடுகள் அவ்வப்போது நின்று பின்னால் திரும்பிப் பார்த்தன. மாமா அதட்டினார். அழுததை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக அமைத்துப் பார்த்தேன். எந்த வாக்கியமும் சரியாக வரவில்லை.

அப்பா அளத்தில் இருந்தார். பாத்திகள் எல்லாம் ஒரே தண்ணீராக, மிக அழகாக இருந்தன. அம்பாரம் அவர் மார்பளவுக்கு இறங்கி, வெயிலில் மெருகேறிய கல்போல மின்னியது. கிழக்கே கடலுக்கு மேல் ஒரு மேகம் மெதுவாகக் கட்டிக்கொண்டிருந்தது.

"வா மச்சான்" என்றார் அப்பா. வண்டியைப் பார்த்தார். மறுபடி மாமாவைப் பார்த்தார்.

"நின்னு பாக்க நேரமில்ல மாப்ளே. மேல ஏறு, நான் எடுத்துக் குடுக்கறன்" என்றார் மாமா.

இருவரும் மூடினார்கள். அம்மாவும் நானும் வைக்கோலை அடியில் செருகி மண்கட்டி வைத்தோம். உப்புத்தண்ணீர் கை வெடிப்புகளில் எரிந்தது. அதற்கு மேல் தாங்காமல் நான் சொல்லிவிட்டேன். "நான்தான்ப்பா அழுதன். அதான் இங்க வந்துடுச்சு."

அப்பா மேலிருந்து குனிந்து பார்த்தார். மாமா கதையைச் சொன்னார். அப்பா சிரித்த சிரிப்பில் வைக்கோல் சரிந்தது. "நீ அழுதா இவ்ளோ மழ வருமா? அப்ப இனிமே உன்ன அடிக்கக் கூடாதுன்னு உங்க வாத்தியார்கிட்ட சொல்லி வைக்கணும்." பிறகு அம்மாவிடம், "நீயும் அழுதியா?" என்று கேட்டார்.

"எனக்கு அழுக வரல" என்றாள் அம்மா, கட்டியை வைத்தபடி.

கடைசிக் கட்டு வைக்கோல் ஏறியபோது மேகம் எங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டது. பாத்திகள் கறுத்தன. காலடியிலும் அதே மேகம், அதே மெதுவான நடை. நாங்கள் நால்வரும் அசையாமல் நின்றோம். கன்னத்தில் இரண்டு சொட்டு விழுந்தது. அப்புறம் காற்று திரும்பியது. மேகம் எங்களைத் தாண்டி, சாலையைத் தாண்டி, மேற்கே நகர்ந்தது.

"உங்க பக்கந்தான் போவுது மச்சான்" என்றார் அப்பா, தாழ்ந்த குரலில்.

மாமா அவசரமாக மாடு பூட்டினார். சோறு தின்றுவிட்டுப் போகச் சொல்லியும் கேட்கவில்லை. வெறும் வண்டி கடகடவென்று சாலையில் ஏறியது. மேலே மேகம், கீழே வண்டி. இரண்டும் ஒன்றை ஒன்று துரத்துவது போலச் சிறியதாகிக்கொண்டே போயின. அப்பா அம்பாரத்தைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், வண்டி மறைந்த பிறகும், இருட்டத் தொடங்கிய பிறகும்.

"கழுத்து வலிக்குதாம்மா?"

"ஆமாண்டி."

வீட்டுக்கு ஓடித் தைலப் புட்டியை எடுத்துவந்தேன். அவளை வரப்பில் உட்கார வைத்து, மேலிருந்து கீழாகத் தேய்த்தேன். தொட்டபோது கழுத்து இளகித்தான் இருந்தது. ஒரு பிடிப்பும் இல்லை. கை பட்ட மாத்திரத்தில் குணமாகிவிட்டதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.