கடைசி வரியில் சேவ்

கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் வேலை பழகியவள் நான். கம்பியூட்டர்களையும் கமராக்களையும் இணைக்கும் நெட்வேர்க் ஸ்விட்சில் எதை மாற்றினாலும் உடனே சேவ் பண்ணிவிடுவேன். இல்லாவிட்டால் கரண்ட் போய் வரும்போது செய்ததெல்லாம் அழிந்திருக்கும். அந்த நல்ல பழக்கம்தான் ஒருநாள் என் கழுத்தைப் பிடித்தது.

துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பனி. சேர்ந்து ஐந்து மாதம், இன்னும் நிரந்தரமாக்கவில்லை. டவுனுக்கு வெளியே நிலாவெளியில் இருந்த கம்பனியின் குளிர் அறைக்கு ஒரு அக்கா பொறுப்பு. ஒருமுறை கரண்ட் போனபோது ஜெனரேட்டரைப் பிந்திப் போட்டதற்கு அவருக்கு மனேஜர் சேர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார். இன்னொன்று வந்தால் வீட்டுக்குத்தான்.

அன்று மத்தியானம் டவுன் ஒபிசில் இருந்தபடியே நிலாவெளி ஸ்விட்சுக்கு விதிகள் எழுதினேன். எந்தக் கருவி எதைத் தொடலாம், தொடக்கூடாது என்ற பட்டியல் அது. கண்காணிப்புக் கமராக்கள் ஒபிஸ் கம்பியூட்டர்களைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானாக அணைந்து எழும்பும்படி முதலிலேயே வைத்தேன். ஏதும் பிழைத்தால், சேவ் பண்ணாத விதிகள் அதோடு போய்விடும். பிறகு நோட்பேட்டில் எழுதி வைத்திருந்ததை ஒரே மூச்சில் ஒட்டினேன்.

திரை அப்படியே நின்றது. தடுக்கும் வரிகளை எழுதியவள், மற்ற எல்லாவற்றையும் விடு என்ற வரியை மறந்துவிட்டேன். அது இல்லாவிட்டால் ஸ்விட்ச் எல்லோரையும் தடுக்கும், என்னையும் சேர்த்து.

நிலாவெளியிலிருந்து அக்கா போன் பண்ணினார். "தங்கச்சி, குளிர்ப் பதிவு பிரிண்ட் வருகுதில்லை. லொறி நிக்குது. அந்தத் தாள் இல்லாமல் எயார்போர்ட்டில மீனை எடுக்கமாட்டினம்."

"நான் விட்ட பிழைதான் அக்கா. பத்து நிமிசம் பொறுங்கோ. தானா சரிவரும்."

பத்து நிமிடம் போனது. பதினைந்தும் போனது. ஒட்டியதைத் திரும்ப வாசித்தேன். கடைசி வரி: சேவ். ஸ்விட்ச் அணைந்து, என் பிழையையே பத்திரமாகத் தூக்கிக்கொண்டு எழும்பியிருந்தது.

நேரே ஸ்விட்சில் செருகும் கேபிளை எடுத்துக்கொண்டு நிலாவெளிக்கு ஓட்டோவில் ஏறினேன். உப்புவெளி தாண்டும்வரை ஓட்டோக்காரரோடு எரிந்து விழுந்தபடி போனேன், பாவம் அந்த மனுசன். அங்கே போய்ச் சரிசெய்ய இரண்டு நிமிடம்தான் எடுத்தது. தாள் வந்தது. லொறி ஒரு மணித்தியாலம் பிந்திப் புறப்பட்டது.

"லொறி பிந்தினதைப் பற்றி சேர் கேட்டவரோ?" என்றேன் அக்காவிடம்.

"ஓம். கரண்ட் போனது, ஜெனரேட்டர் போடப் பிந்திட்டன் எண்டு சொன்னனான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "உங்களுக்கு ஏற்கனவே கடிதம் இருக்கெல்லோ?"

"என்னை அனுப்பிறதெண்டாலும் கடிதம் தந்து, விசாரிச்சுத்தான் அனுப்புவினம். நிரந்தரமில்லாத உங்களை நாளைக்கே நிப்பாட்டுவினம்."

பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். பிறகு போனை எடுத்தேன்.

"சேர், கரண்ட் போகேல்லை. பிழை நான் விட்டது."

"அப்ப அவ ஏன் பொய் சொன்னவ?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்காக, சேர்," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அடுத்த கிழமை கடிதம் எனக்கு வந்தது. நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அக்காவுக்கு ஒன்றும் வரவில்லை என்று கேட்டபிறகுதான் அன்று சாப்பிட்டேன்.