வாவி மாமாவும் சொல்லாமல் போன நாலு பேரும்

சிறுவர் கதை எழுதுவதைப்போல ஆபத்தில்லாத தொழில் வேறு இல்லை என்று நம்பித்தான் நான் இதில் காலை வைத்தேன். அரசியல் எழுதினவர்கள் ஒளித்துத் திரிந்தார்கள், செய்தி எழுதினவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். கூழைக்கடாப் பறவையைப் பற்றி எழுதுகிறவளை ஆர் என்ன செய்யப்போகிறார்கள்? யுத்த காலத்தில் மட்டக்களப்பில் பேனை பிடித்தவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள், இரண்டையும் சேர்த்துச் செய்த அப்பாவிகள் எல்லாரும் என் சொந்தக்காரர்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அப்போது எனக்கு வரவில்லை.

மாமா பிறந்த கதை

நான் நாவற்குடாவில் குடியிருந்த ஒரு விஞ்ஞான ரீச்சர். வாவிக் கரையில் நின்று பறவை பார்ப்பது என் பைத்தியம். பார்த்ததை எழுதி, நகரத்தில் சிறிய அச்சகம் வைத்துச் சிறுவர் மாத இதழ் ஒன்றை நடத்திய அந்தோனி அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாசித்தார், நல்லது என்றார், என் பெயரை மட்டும் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு 'வாவி மாமா' என்று எழுதினார்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். பொம்பிளை எழுதினால் பறவை பறக்காதா என்று கேட்டேன். அவர் எழுத்துக் கோப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "மாமா சொன்னா புள்ளையள் காட்டுக்குள்ள போகும், ரீச்சர். மாமி சொன்னா முகம் கழுவத்தான் போகும்."

முப்பத்தொன்றும் நூற்றுப்பன்னிரண்டும்

ஒரு நாள் பாலத்தடியில் ஆமிக்காரர் என் பையைக் கொட்டிச் சோதித்தார்கள். பரீட்சைத் தாள்கள், குடை, ஒரு கொப்பி. கொப்பியில் என் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'கிழக்குக் கரை 31. தெற்குக் கரை 112. காலை ஆறு மணிக்கு எல்லாம் ஒன்றாகக் கிளம்பின.' முப்பத்தொன்று கூழைக்கடா, நூற்றுப்பன்னிரண்டு நீர்க்காகம். பறவையின் பெயரை எழுதாமல் விட்ட சோம்பல் என்னுடையது. கொப்பிக்குள் ஒரு வாசகர் கடிதமும் கிடந்தது. 'அன்புள்ள வாவி மாமா' என்று தொடங்கி, 'அடுத்த முறை எங்களை எங்கே கூட்டிப் போவீர்கள்?' என்று முடிந்திருந்தது.

வீட்டில் வைத்த பெயரை விட்டு இரண்டாவது பெயரில் திரிந்தவர்கள் அப்போது ஆர் என்று உங்களுக்குத் தெரியும். இயக்கத்துக்குப் போனவர்கள்தான். மாமா ஆர், எங்கே இருக்கிறார் என்று விசாரணை தொடங்கியது. நான்தான் மாமா என்றேன். கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி என்னையும் என் சேலையையும் என் குடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த நீட்டு மரவாங்கைக் காட்டினார். "ரீச்சர் பொய் சொல்ல வேணாம். மாமா வாற வரைக்கும் இங்க இருங்க."

பாஸ் கொடுத்தது ஆர்?

மாமா வரவில்லை. மூன்று மணித்தியாலம் கழித்து எங்கள் பாடசாலை அதிபர் பழைய இதழ்களைக் கட்டாகக் கொண்டுவந்து காட்டி என்னை மீட்டார். வாவி மாமா சேலை கட்டுகிற ஆள் என்பது அடுத்த நாளே நாவற்குடா முழுக்கப் பரவிவிட்டது. இனிக் கரைப்பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். ஆனால் வீட்டுக்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறைக்கும் குசினிக்கும் நடந்து நடந்தே ஒரு தொடர்கதையைத் தொடங்கினேன்.

கதையில் நாலு பிள்ளைகள் விடியற்காலையில் அம்மாவிடம் சொல்லாமல், ஒரு கடதாசித் துண்டை மட்டும் எழுதி வைத்துவிட்டு, தோணி எடுத்துக்கொண்டு வாவி நடுவிலுள்ள தீவுக்குப் போகிறார்கள். தீவு முழுக்கக் கண்ணா மரங்கள், சேற்றில் வேர் ஊன்றி நிற்பவை. அவற்றில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கின்றன. நாலாம் அத்தியாயத்தில் தோணியின் கயிறு அறுந்து அது மிதந்து போய்விடுகிறது. கடிதங்கள் குவிந்தன. பாம்பு வருமா, முதலை வருமா என்று கேட்டிருப்பார்கள் என நினைத்துப் பிரித்தேன். ஓட்டமாவடியிலிருந்து மீன்பிடிக்கிறவர் ஒருவரின் மகன் எழுதியிருந்தான்: "மாமா, எங்கட வாப்பா தோணி எடுக்கவே ஆமிட பாஸ் வேணும். இந்த நாலு பேருக்கும் பாஸ் குடுத்த ஆரு?"

கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்

வாசகர்களை நேரில் சந்திக்கச் சொல்லி அந்தோனி அண்ணன் என்னைச் சித்தாண்டிக்கு அனுப்பினார். மரத்தடியில் நாற்பது பிள்ளைகள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், என்ன சத்தம் வருகிறது என்று சொல்லுங்கள் என்றேன். செண்பகம் கூப்பிட்டது. ஒருவருக்கும் தெரியவில்லை. மைனா கத்தியது. அதற்கும் கை உயரவில்லை. பிறகு தூரத்து வானத்தில் ஏதோ மெதுவாக இரைந்தது. எனக்குக் கால் தானாக எழும்பிவிட்டது, எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்தேன். முன் வரிசையில் இருந்த சின்னப் பெண் கண்ணைத் திறக்கவேயில்லை. "அது ஹெலி, ரீச்சர். ரெண்டு வருகுது. இஞ்சால வராது, நீங்க கதையைச் சொல்லுங்க."

வெறும் பாய்

மலர் அக்கா எங்கள் ஒழுங்கையில் உடுப்புத் தைப்பவர். அவருடைய ஒரே மகள் சுகந்திக்குப் பதின்மூன்று வயது. என் வகுப்பில் படித்தாள், வாவி மாமா எழுதியதை வரிக்கு வரி ஒப்புவிப்பாள். நாலாம் அத்தியாயம் வந்த கிழமை மலர் அக்கா இதழைச் சுருட்டிப் பிடித்தபடி என் வாசலில் நின்றார். இந்தப் பிள்ளைகளை உடனே வீட்டுக்குக் கூட்டி வாருங்கள் என்றார். இன்னும் நாலு அத்தியாயம் இருக்கிறதே அக்கா என்றேன். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன், அவர் இருக்கவில்லை.

நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். அம்மாவிடம் கேட்டால் அம்மா விடமாட்டார், கதை அடுப்படியிலேயே முடிந்துவிடும், சாகசக் கதை என்றால் சொல்லாமல்தான் போகவேண்டும் என்றேன். எங்கள் ஊரில் அந்த வயதுப் பிள்ளை சொல்லாமல் வீட்டை விட்டுப் போனால் அது தீவு பார்க்கப் போகவில்லை, இயக்கத்துக்குப் போய்விட்டது என்றுதான் அர்த்தம். அயலவர்கள் எங்கே என்று கேட்கக்கூட மாட்டார்கள். அது தெரிந்தும் எழுதினேன், தெரிந்தும் வாதாடினேன். அந்த வெட்கம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. மலர் அக்கா குரலை உயர்த்தவில்லை. "உங்கட கதையில அம்மா எழும்பிப் பாக்கக்குள்ள பாய் வெறுமையாக் கிடக்கு, ரீச்சர். அதுக்குப் பிறகு அந்த அம்மாவப் பத்தி ஒரு வரி இல்லையே."

கடதாசித் துண்டு

மூன்று கிழமை போகவில்லை. ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மலர் அக்கா தலைவிரி கோலமாக ஓடிவந்தார். சுகந்தியைக் காணவில்லை. தலையணைக்குக் கீழே ஒரு கடதாசி: 'அம்மா, தேட வேண்டாம். நான் திரும்பி வருவன்.' என் முதலாம் அத்தியாயத்து வசனம், ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. அப்படியென்றால் கதையைப் பார்த்துத்தான் செய்திருக்கிறாள், தீவுக்குத்தான் போயிருப்பாள் என்று ஆறுதல் சொன்னேன். சொல்லி வாய் மூடமுன்னரே அந்த வசனத்தை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பது நினைவுக்கு வந்தது. முந்திய வருடம் எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டுப் பையன் இயக்கத்துக்குப் போனபோது எழுதி வைத்த வசனம் அது. அவனுடைய தாய் அந்தக் கடதாசியை வீடு வீடாகக் காட்டி அழுதார். மலர் அக்காவும் வாசித்தவர்தான். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு என்னால் முகம் கொடுக்க முடியவில்லை.

இரண்டு பேரும் கரைக்கு ஓடினோம். தோணிகள் எல்லாம் கட்டினபடியே கிடந்தன. ஒன்றாவது குறைந்திருக்கக் கூடாதா என்று இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன். குறையவில்லை. மலர் அக்கா அப்படியே மணலில் இருந்துவிட்டார். தோணியில் போகவில்லை என்றால் வேறு எதில், ஆரோடு போனாள் என்று நாங்கள் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை. நான் மாதக்கணக்கில் கால் வைக்காத கரையோரமாகப் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். வழியில் வலை உலர்த்தியவர்களிடம் கேட்டேன், கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. திரும்பி வந்து மலர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கமாக ஓடினேன்.

பதினொரு மணி போலக் கண்ணாப் பற்றைக்குள்ளிருந்து இடுப்புவரை சேறோடு சுகந்தி வெளியே வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. கொப்பியை மட்டும் நனையவிடாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். தோணி கிடைக்காததால் கரையோரப் பற்றைகளுக்குள் இறங்கிக் கூடு தேடியிருக்கிறாள், சேற்றில் புதைந்து அரைநாள் நின்றிருக்கிறாள். மலர் அக்கா முதுகில் நாலு போட்டார், கட்டிப்பிடித்து அழுதார், பிறகு திரும்பவும் அடித்தார். சுகந்தி அடியை வாங்கிக்கொண்டே என்னை முறைத்தாள். "கூழைக்கடா கண்ணாவில ஒரு கூடும் கட்டயில்ல, ரீச்சர். நீங்க போய்ப் பாக்காமலா எழுதினீங்க?"

கடைசி அத்தியாயம்

பார்க்கவில்லைதான். வாங்கில் இருத்திய நாளுக்குப் பிறகு நான் எழுதிய இயற்கை எல்லாம் பழைய புத்தகங்களிலிருந்து எடுத்தது. போகப் பயந்த இடத்துக்கு நாலு பிள்ளைகளை அனுப்பியிருக்கிறேன், அவர்களுக்குப் பின்னால் ஐந்தாவதாக ஒன்றும் போய்விட்டது. எழுதி வைத்திருந்த மிச்ச அத்தியாயங்களைக் கிழித்துப் போட்டேன். ஒரு மீனவரை அனுப்பி நாலு பேரையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதற்கு இரண்டு பக்கம் போதுமாக இருந்தது. மீதிப் பக்கங்களில் எல்லாம், வெறும் பாயைக் கண்ட அம்மா விடியலிலிருந்து நடுப்பகல்வரை என்ன செய்தார் என்பதை எழுதினேன். அந்தோனி அண்ணன் தலையில் கைவைத்தார். ஆனாலும் கரண்ட் இல்லாத கிழமையில் காலால் மிதிக்கும் மெஷினில் அச்சடித்துத் தந்தார்.

மை காயமுன்னரே ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மலர் அக்கா வீட்டுக்கு ஓடினேன். சுகந்தி வாசித்து இன்னும் நாலு பிழை பிடிக்கவேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசையாக இருந்தது. தையல் மெஷின் துணி போட்டு மூடியிருந்தது. மலர் அக்கா வெளியூர் போய் வந்த சேலையை இன்னும் மாற்றவில்லை. இதழை வாங்கி, நின்றபடியே கடைசிப் பக்கம்வரை வாசித்தார். கண்ணைத் துடைத்தார். சுகந்தி எங்கே என்று கேட்டேன். "உங்கட நாலு புள்ளையளும் ஊட்டுக்கு வந்திட்டுதுகள், ரீச்சர். என்ட ஒண்ட நானே கொண்டுபோய்க் கண்டியில தம்பிட ஊட்ட விட்டுட்டு வாறன், இஞ்ச வெச்சிருக்கப் பயம்."

அதன் பிறகு நான் எழுதிய சாகசக் கதை எல்லாவற்றிலும் பிள்ளைகள் அம்மாவிடம் சொல்லி, அம்மா கட்டிக் கொடுத்த சோற்றையும் எடுத்துக்கொண்டுதான் புறப்படுகிறார்கள்; அதனால் என் கதைகளில் சாகசம் எப்போதும் இரண்டு பக்கம் பிந்தித்தான் தொடங்கும்.