ஜப்பான் காதலுக்கு அழுதவர்

அருள்புரத்தில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் ஃப்ளோர் மேனேஜர் கசங்காத வெள்ளைச் சட்டைக்காரர். சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் ஜப்பான் காதல் தொடர் பார்ப்பார். தினம் ஒரு தனிக்கதை. முடிந்ததும் பனியன் வேஸ்ட் துணியில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அன்றைய கதையில் ஒரு பெண், கூட வேலை பார்ப்பவனிடம் காதலைச் சொல்ல முடியாமல் தவித்தாள். "சொல்லிப்போடு கண்ணு" என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினார். மணி அடித்ததும் எழுந்து போனவர், அயர்ன் மாஸ்டரோடு சிரித்துப் பேசிய செக்கிங் பெண்ணை எல்லோர் முன்னாலும் கேவலமாகத் திட்டி, வேலையை விட்டே அனுப்பினார்.

"ஏனுங்க, இப்பத்தானே அழுதீங்க?" என்றேன்.

"அது கதைங்க. இங்க விட்டா கம்பெனியே நாறிப் போயிருமுங்க."

மறுநாள் தன் காதிலிருந்து ஒரு இயர்போனைக் கழற்றி, கதை கேட்க என்னிடம் நீட்டினார். அதில் காதழுக்கு ஒட்டியிருந்தது. நடிப்பென்றால்கூடப் பொறுத்திருப்பேன். அந்த மனிதர் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார்.