எல்லாம் நார்மல்

ரத்தம் தெளிந்த குழாயை ஜன்னலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தபடியே, "வெறும் வயித்தோட வந்தேன்னியே நைனா, இட்லிக்கு வடகறி நல்லா இருந்துச்சா?" என்று கேட்பாள் வேம்புலியம்மாள். எதிரே இருக்கும் சர்க்கரை நோயாளி திருட்டு முழி முழிப்பார். அம்பத்தூர் ஓ.டி.யில் மருந்துக்கடை மாடியில் இருக்கும் அந்த லேபில் எழுபத்தாறிலிருந்து ரத்தம் எடுக்கிறாள். பதினெட்டு வருஷம். "மன்சன் ஆயிரம் புளுகுவான், ரத்தம் புளுகாது" என்பது அவள் கட்சி.

அந்த ரத்தம்தான் ஒரு வருஷமாக அவளைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. புருஷன் மதுரைவீரன் பக்கத்து ஊரான பாடியில் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். ஐம்பத்து மூன்று வயது. குடி கிடையாது, பீடிகூடக் கிடையாது. அப்படிப்பட்ட மனுஷர் தகட்டை வைத்துவிட்டுக் கையை எடுக்க மறக்கிறார். இரண்டு தரம் பக்கத்து மெஷின்காரர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் விரல்கள் தப்பின. "குட்ச்சிட்டு வரான்" என்றார் சூப்பர்வைசர். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "இன்னா சீக்குன்னு ஒரு ரிப்போர்ட் கொண்டாம்மா, ஸ்டோர்ல குந்த வெக்கறேன். இல்லாங்காட்டி மெஷின்தான்" என்றார்.

ரிப்போர்ட்டுக்கா பஞ்சம்? வேலைக்குப் போகும் வழியில் மாடியேறி வந்து கையை நீட்டுவார் மதுரைவீரன். சர்க்கரை, உப்பு, தைராய்டு, ஈரல் என்று ஒன்று பாக்கியில்லை. எல்லாம் நார்மல். ஊராருக்கெல்லாம் அந்த வார்த்தையைச் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தவளுக்கு இப்போது அதைப் பார்த்தாலே வயிறு எரிகிறது.

போன ஆடியில் ஒருநாள், மேகநோய்ச் சோதனையில் அவர் ரத்தம், நோய் உண்டு என்கிற மாதிரி, திரிந்து நின்றது. அந்த நோய் முற்றினால் மூளையைத் தாக்கும். ஆனால் அதற்கு ஊசி உண்டு. புருஷனுக்கு மேகநோய் என்றதும் முகம் மலர்ந்த பெண்சாதி இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். "எங்க போய் வாங்கியாந்தியோ, போய்த் தொலையட்டும்யா. சீக்குன்னு ஒண்ணு கீதே, அது போதும் எனுக்கு" என்று அவர் கன்னத்தைக் கிள்ளினாள். அவசரத்தில் முந்தின நாள் கலக்கிய மருந்தை ஊற்றியிருக்கிறாள். புதிதாகக் கலக்கிப் பார்த்தால் ஒரு திரிதலும் இல்லை. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே அழுதாள்.

பட்டணத்துப் பெரிய டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார்.

"அல்சைமரா இருக்கலாம்மா. 'இருக்கலாம்'னுதான் எழுத முடியும். முதுகுத்தண்டு நீர்ல ஏதாவது அடையாளம் தெரியுதான்னு வெளிநாட்டுல தேடிட்டு இருக்காங்க."

"நிச்சயமா எப்ப சார் தெரியும்?"

"உயிர் போனப்புறம். மூளையை அறுத்துப் பார்த்தா."

அவர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சூப்பர்வைசர் படித்தார். "இருக்கலாம்னா, இல்லாமயும் இருக்கலாம்ல?" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை மதுரைவீரன் வந்து சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். "சீக்கிரம் எட்த்துடு சிஸ்டர், ஷிப்டுக்கு நேரமாவுது."

அவர் அவளை சிஸ்டர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இனி சோதிக்க அந்த ரத்தத்தில் எதுவும் இல்லை. கீழே பாடி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது.

ஊசியே குத்தாத இடத்தில் பஞ்சை வைத்துக் கையை மடக்கினாள்.

"வலிக்கவே இல்ல சிஸ்டர்" என்று எழுந்தார்.

"குந்து. ரத்தம் நிக்கட்டும்" என்று சொல்லி, அவருடைய ஐந்து விரல்களையும் தன் கைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.