அமைச்சர் பிடித்துக்கொண்டிருந்த சிலை

அந்த அரசு அலுவலகத்தின் முன்கூடத்தில், மாடிப்படியை ஒட்டி, மறைந்த தலைவர் ஒருவரின் மார்பளவுப் பளிங்குச் சிலை இருந்தது. பதினோரு வருடமாகத் தினமும் காலையில் அதன் முகத்தைத் துடைத்துவந்தவள் அங்கே துப்புரவு வேலை பார்த்த ஒரு பெண். "கட்டின புருஷன் முகத்தைக்கூட நான் இவ்வளவு துடைச்சதில்ல" என்று கூட வேலை செய்பவர்களிடம் சொல்வாள். மற்றபடி வாய் திறக்காதவள். அதிகாரி யாராவது எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒதுங்கிக்கொள்வாள்.

தலைவரின் நினைவு நாளுக்கு மூன்று வாரம் இருந்தபோது, துணியை அழுத்தித் துடைக்கையில் சிலை 'டக்' என்று அசைந்தது. குனிந்து பார்த்தாள். பின்சுவரில் ஏசி குழாய் கசிந்து, சிலையும் பீடமும் சேரும் இடத்தில் துருக்கறை வழிந்திருந்தது.

மேற்பார்வையாளரிடம் போனாள்.

"சார், சிலை ஆடுது சார்."

"சிலை ஆடுதுன்னு மேல சொன்னா என் நாற்காலிதான் ஆடும். போய்த் துடைக்கிற வேலையைப் பாரும்மா."

இரண்டாம் முறை சொன்னபோது அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தையல்காரரான கணவரிடம் சொல்லி ஒரு மனு எழுதி வாங்கி, பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டாள். ஒரு ஈ, காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை.

நினைவு நாளன்று கூடம் நிரம்பி வழிந்தது. சிலைக்கு நேர் கீழே, முதல் நாற்காலியில் தலைவரின் மகள். எழுபது வயதைத் தாண்டியவர். இரண்டு பேர் தூக்கிவந்த ஆளுயர மாலையை அமைச்சர் முக்காலியில் ஏறி வாங்கிச் சிலையின் கழுத்தில் போட்டார். படிக்கட்டோரம் துடைப்பத்துடன் நின்றிருந்தவளின் கண்ணில் மட்டும் அது பட்டது: சிலையின் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு மேலே எழும்பியிருந்தது.

"ஐயா! விட்டுடாதீங்க! அப்படியே பிடிச்சுக்குங்க! சிலை விழுது!"

அது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு பெண் போலீஸ் அவள் கையை முறுக்கிப் பின்னால் இழுத்தார். அதற்குள் பாரம் அமைச்சரின் மார்பில் சாய்ந்துவிட்டது. அவர் இரு கைகளாலும் அணைத்தபடி முக்காலியில் நடுங்கினார். முகம் வெளுத்துப்போயிற்று.

"யாராவது வாங்கய்யா..."

"அந்த அம்மாவை முதல்ல எழுப்புங்க!" என்று இவள் திமிறிக்கொண்டு கத்தினாள்.

நாற்காலியோடு மகளைப் பின்னால் இழுத்தார்கள். நாலு பேர் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். சோபா மெத்தைகளைத் தரையில் பரப்பிச் சிலையை இறக்கி வைக்க ஆறு நிமிடம் ஆயிற்று. பீடத்தின் குழியில், சிலையைத் தாங்கவேண்டிய இரும்புக்கம்பி நனைந்த ரொட்டிபோல உதிர்ந்து கிடந்தது.

மகள் அவளைத் தேடி வந்தார். "எங்கப்பா முகத்தைத் துடைக்கிறது நீதானாம்மா?" என்று கேட்டு, போலீஸ் பிடித்துச் சிவந்திருந்த மணிக்கட்டைத் தடவிக் கொடுத்தார். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அவளுக்கு மெமோ வந்தது. விழாவில் கூச்சலிட்டு ஒழுங்கு மீறியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கையெழுத்து மேற்பார்வையாளருடையது. வேலை போய்விடுமோ என்று இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. முத்திரை குத்திய நகலை இணைத்துக் கணவர் பதில் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு மேற்பார்வையாளர் அவள் கண்ணில் படாமல் நடமாடினார். மாதக் கடைசியில் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார்.

அவளுக்கு வந்த கடிதத்தில் ஒரே வரி: "மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது."

"அப்படின்னா என்னங்க?"

"உன் மேல தப்பு இல்லைன்னு அர்த்தம்" என்றார் கணவர்.

"அதை அப்படியே எழுதினா அவங்க கை சுளுக்கிக்குமா?" என்றாள். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.