பெயர் அடிக்காத வாழ்த்து

2009 மே 17, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு இருபது. மேகம் மூடியிருந்தும் புழுக்கம் குறையவில்லை. காற்று என்ற பேச்சே இல்லை. சிவகாசி பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சுவரில் என் கவிதை ஒட்டியிருந்தது. அதற்கு மேலே சிரித்துக்கொண்டிருந்த முகம், யார் தோற்க வேண்டும் என்று நான் ஓட்டுப் போட்டேனோ அவருடையது.

மூன்று தடவை படித்தேன். பதினாறு வரிகளும் அப்படியே இருந்தன. கடைசி வரிக்குக் கீழே, வலது ஓரத்தில், என் பெயர்.

முந்தின நாள்தான் நாடாளுமன்றத் தேர்தல் ஓட்டுகளை எண்ணினார்கள். தாயில்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் சம்பந்தி, அவர் ஊரில் கட்சியின் கிளைச் செயலாளர். எங்கள் ஆள் ஜெயிப்பார் என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை, எனக்கும் இல்லை. முடிவு வந்த அன்றே ஒட்டுவதற்கு ஒரு வெற்றி வாழ்த்து வேண்டும் என்று கேட்டார். தீப்பெட்டிக் கம்பெனியில் முப்பத்து நான்கு வருஷம் கணக்கு எழுதிய நான், கல்யாணங்களுக்கு வாழ்த்துமடல் எழுதிப் பழகியவன். காசு வாங்கியதில்லை. பட்டாசு மருந்து படிந்த கைகளோடு கம்பெனி வேனிலிருந்து இறங்கும் எங்கள் தெருப் பெண்களை நினைத்துக்கொண்டு எழுதினேன்.

கரித்தூள் படிந்த கைகள்
கோலம் போடும் நாள் இது.
கதவைத் திறந்து வையுங்கள்,
நம் வீட்டுப் பிள்ளை வருகிறான்.

இப்படிப் போகும் அது.

அச்சகக்காரர்தான் வேட்பாளர் பெயரை விட்டு எழுதச் சொன்னார். எங்கள் ஊரில் காலண்டர் அடிப்பது அப்படித்தான். சாமி படத்தையும் தேதியையும் முதலில் அடித்து அடுக்கிவிடுவார்கள். அடியில் வெற்றிடம் இருக்கும். ஆர்டர் வந்த பிறகு கடைப் பெயரை அதில் அடிப்பார்கள். வாழ்த்தையும் ரோஜாப்பூ பார்டரோடு ஆயிரம் தாள் அடித்து வைத்தார். முடிவு தெரிந்ததும் படத்தையும் பெயரையும் கட்சி நிறத்தையும் ஏற்றுவதாக ஏற்பாடு. சம்பந்தி முன்பணம் கொடுத்திருந்தார்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் தோல்வி உறுதியானது. சம்பந்தி அச்சகத்துக்குப் போன் செய்து, பெயர் அடிக்க வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். தாள்கள் என்ன ஆகும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் எண்ணினேன். பதினோரு சுவர்கள். ஒவ்வொன்றிலும் குறை காண ஒரு வரியைத் தேடினேன். இந்த வரி அவருக்குப் பொருந்தாது, இது எங்கள் ஆளுக்குத்தான் என்று சொல்ல ஒன்றாவது இருக்காதா என்று பார்த்தேன். எல்லாமே பொருந்தியது. நான் நம்பி எழுதிய நம்பிக்கை எந்த முகத்துக்குக் கீழும் உட்காரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எட்டு மணிக்கு மகள் போன் செய்தாள். அவளுக்கு அப்போது ஆறு மாதம். அடுத்த மாதம் வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு இங்கே அழைத்துவருவதாகப் பேச்சு. சிவகாசிச் சுவரில் பார்த்த யாரோ அதற்குள் சம்பந்திக்குச் சொல்லியிருந்தார்கள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"நீங்க காசு வாங்கிட்டுப் பாட்டை அவங்களுக்குக் குடுத்துட்டீகளான்னு மாமா கேக்காக. இல்லன்னு சொன்னேன். நான் சொன்னா எடுபடுமாப்பா?"

நேற்றிலிருந்து அவர் சாப்பிடவில்லை என்றாள். வளைகாப்புக்கு நான் அந்த வாசலில் காலை வைக்கக் கூடாது, பிரசவமும் அங்கேயே நடக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். தாயில்லாத பிள்ளை அவள். முதல் பிரசவத்துக்கு அப்பன் வீட்டுக்கு வர முடியாமல் போவதற்கு என் பதினாறு வரிகள் காரணம் என்பதை என் மனம் ஏற்க மறுத்தது.

நேரே அச்சகத்துக்குப் போனேன். அவர் வெட்டிய தாளின் ஓரங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். குற்றம் செய்தவர் முகம் எதுவும் இல்லை.

"கோவிச்சுக்காதீக அண்ணாச்சி. ஆர்டர் கேன்சல் ஆனா காலண்டரை வேற கடைக்கு அடிக்கிறதில்லையா? சாயங்காலம் ஜெயிச்ச கட்சி ஆளுக நாலு பேரு வந்து விடியறதுக்குள்ள வேணும்னு நின்னாக. பாட்டும் நல்லா இருக்குன்னாக."

என் பெயர் இருந்ததே என்றேன். அதை எடுக்க மறுபடி பிளேட் போட்டு ஆயிரம் தாளையும் புதிதாக அடிக்க வேண்டியிருந்திருக்கும் என்றார். சண்டை போடத்தான் போயிருந்தேன். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்ததும், தோற்றவருக்கு யாரும் எதுவும் எழுதவில்லை என்பதுதான் நினைவுக்கு வந்தது. தாள் கேட்டு வாங்கி எழுதினேன். முதல் இரண்டு வரிகளில் சம்பந்தியின் பெயரையும் அவர் ஊரின் பெயரையும் வைத்தேன். பிறகு:

திரியில் நெருப்பு வைத்தோம், வெடிக்கவில்லை.
கிட்டே போய்ப் பார்க்காதே என்று
பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவர்கள் நாங்கள்.
எட்ட நின்றே கும்பிடுகிறோம்,
எங்களை நம்பி மை வைத்த விரல்களை.

அச்சகக்காரர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நன்றாக இருப்பதாகச் சொன்னவர், கூடவே ஒன்று சொன்னார்.

"பேரை மட்டும் விட்டு எழுதிக் குடுங்க அண்ணாச்சி. அடுத்த எலெக்‌ஷன்லயும் ஒருத்தர் தோக்கத்தான செய்வாரு."

பெயரோடு நூறு தாள் அடித்தால் போதும் என்றேன்.

மறுநாள் காலை சம்பந்தியின் ஊரில் போஸ்டர் ஒட்டும் பசைவாளிக்காரரோடு பஸ் இறங்கினேன். பால் பண்ணைச் சுவரில் நாலாவது தாளை ஒட்டும்போது சம்பந்தியே வந்து நின்றார். இரண்டு நாள் தாடி. வேட்டி கசங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி மேலிருந்து படித்தார். பசை வழிந்து எழுத்தின் மேல் வந்ததைத் துண்டால் ஒற்றினார்.

"நேத்து முச்சூடும் ஒரு பய என் வாசலுக்கு வரல சம்பந்தி. வெடிக்காத வெடின்னு நீங்க எழுதினது சரிதான்."

நான் காசு வாங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அது தெரியும். கோவத்துல கேட்டுட்டேன். வாங்க, உங்க மக நீங்க வந்தாத்தான் நானும் சாப்பிடுவேன்னு உக்காந்திருக்கா."

சாப்பிடும்போது வளைகாப்புத் தேதி பேசினோம். அவருக்கும் எனக்கும் இட்லி வைத்துவிட்டு மகளும் தட்டோடு கதவோரம் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்தாலே போதுமாயிருந்தது. அந்த வெற்றி வாழ்த்து மட்டும் மழை வரும்வரை சிவகாசிச் சுவர்களில் இருந்தது. அந்த வழியாகப் போவதைத் தவிர்த்தேன்.

அன்று ராத்திரி கணக்கு எழுதினேன். அச்சுக்கூலி தாளோடு எண்ணூற்று ஐம்பது, பசைக்கு மைதா முப்பத்தாறு, ஒட்டியவருக்கு நூற்றைம்பது, போகவர பஸ்ஸுக்கு இருபத்து நாலு. ஆக மொத்தம் ஆயிரத்து அறுபது ரூபாய்.