நாக்கு அறுத்த மணியின் ஊர்

நோர்வேயில், எங்கள் ஹவுகன்ஸ்டுவா வீட்டுச் சாமி அறையில், முருகன் படத்துக்குக் கீழே உள்ள இழுப்பு லாச்சியில் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. அது என்னுடையதல்ல. வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றிய கையோடு அதையும் மின்சாரத்தில் கொழுவி விடுவேன். திரை எரியும்போது ஓர் அகன்ற ஆறும், கரையில் இரத்தச் சிவப்பில் ஒரு தேவாலயமும், அதன் நீலக் குமிழ்க் கோபுரங்களில் பொன் நட்சத்திரங்களும் தெரியும். அதற்கு மேல் போக இரகசிய எண் வேண்டும். அழகான படம்தான். ஆனால் என் மனைவி அதைப் பார்க்க மாட்டாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அது உக்லிச் அக்காவின் தொலைபேசி. முதியோர் இல்லத்துச் சலவை அறையில் ஆறு வருடம் என்னோடு வேலை செய்தவர். உக்லிச் என்பது ரஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சிறிய நகரம். நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. என்றாலும் அதன் தெருக்கள் எனக்குத் தெரியும். பெரிய கட்டில் விரிப்புகளை ஒருவர் தனியே மடிக்க முடியாது. இரண்டு பேர் நாலு மூலையையும் பிடித்து உதறி, நெருங்கி வந்து மூலையை மூலையோடு சேர்த்து, மறுபடியும் விலக வேண்டும். அந்த நகரத்தின் கதை எனக்கு அப்படி நெருங்கியும் விலகியும்தான் சொல்லப்பட்டது. எங்கள் இருவருக்கும் பொதுவாய் இருந்தது அரைகுறை நோர்வேஜிய மொழி. அவர் சொன்னதை என் பேச்சுத் தமிழிலேயே எழுதுகிறேன். ‘தம்பி’ என்ற சொல்லை மட்டும் அவர் தமிழிலேயே சொல்வார்.

"இண்டைக்கும் மா மூட்டைக்குள்ளை விழுந்திட்டியோ, தம்பி?" என்று காலையில் என் நெற்றியைப் பார்த்துக் கேட்பார்.

"உங்கடை ஊர்க் கோபுரத்திலை நட்சத்திரம் ஒட்டலாம், என்ரை நெத்தியிலை திருநீறு பூசக் கூடாதோ?" என்பேன். விரிப்பு குலுங்கச் சிரிப்பார்.

கோடையில் அங்கே பெரிய பயணக் கப்பல்கள் வருமாம். அவருடைய தாயார் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சிறுமியாக இருந்தபோது அக்கா இறங்குதுறையில் நின்று பயணிகளுக்கு மணிக்கூடு விற்றிருக்கிறார். "வாறவை மூண்டு மணித்தியாலம்தான் நிப்பினம். படம் எடுப்பினம், மணிக்கூடு வாங்குவினம், கப்பல் ஊதினவுடனை ஓடீடுவினம். இருக்கிறது நாங்கள்தானே" என்பார். ஆற்றை மறித்து அணை கட்டியபோது மேலே இருந்த ஊர்கள் நீருக்குள் போனதையும், பக்கத்து ஊரில் ஒரு மணிக்கோபுரம் மட்டும் இன்றைக்கும் தண்ணீருக்குள் தனியே நிற்பதையும் சொல்வார். ஆனால் எந்தக் கதையில் தொடங்கினாலும் கடைசியில் அந்த மணியில்தான் வந்து நிற்பார்.

நானூறு வருடங்களுக்கும் முன்னே, அந்தச் சிவப்புத் தேவாலயம் இப்போது நிற்கும் இடத்தில், எட்டு வயது இளவரசன் ஒருவன் கழுத்து அறுபட்டுக் கிடந்தானாம். கோயில் மணி அடித்தது. சனம் ஓடி வந்தது. இவர்கள்தான் கொன்றவர்கள் என்று சிலரைப் பிடித்து அடித்தே கொன்றது. பிறகு தலைநகரிலிருந்து தண்டனை வந்தது, மனிதருக்கு மட்டுமல்ல, மணிக்கும். அதைக் கீழே தள்ளிச் சவுக்கால் அடித்தார்கள். அதன் காதை வெட்டி, நாக்கை அறுத்து, சைபீரியாவுக்கு நாடு கடத்தினார்கள். முந்நூறு வருடம் கழித்துத்தான் அது ஊருக்குத் திரும்பியதாம்.

"மணி என்ன பிழை செய்தது, அக்கா?" என்று முதல் முறை கேட்டேன்.

"நடந்ததைச் சொன்னது" என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை.

அக்காவின் ஒரே மகன் அந்த ஊரில் தன் அம்மம்மாவோடு இருந்தான். கிழவியைத் தனியே விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம். போன குளிர்காலத்தில் கிழவி காலமானார். வசந்தத்தில் அவனுக்குப் பதினெட்டு முடியும். முடிந்தால் படையிலிருந்து கடிதம் வரும். அதற்கு முன் போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று அக்கா விடுப்பு எடுத்தார். அந்தப் பயத்தை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. என்னையும் பதினேழு வயதில் அப்படித்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பினார்கள். நான் சுவெட்டரை மறந்துவிட்டு இறங்கியதை அம்மா கண்டவர். கண்டும், பயணம் வெளிக்கிட்ட பிள்ளையைப் பின்னால் கூப்பிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு வாசல் படலையில் நின்றவர். நான் குளிரில் நடுங்கினேன், ஆனால் உயிரோடு வந்து சேர்ந்தேன். அம்மாவின் அந்த மௌனம்தான் என்னைக் காப்பாற்றியது என்று நம்பியே இத்தனை வருடமும் முருகனைக் கும்பிட்டு வந்தேன்.

அக்கா வெளிக்கிட்டது ஒரு மத்தியானம். அவர்கள் வழக்கப்படி பயணத்துக்கு முன் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார வேண்டுமாம். உடுப்புக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் இருந்தார், நானும் பக்கத்தில் இருந்தேன். சலவை இயந்திரம் மட்டும் சுழன்றது. "போறன், தம்பி" என்றார். "போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ" என்று திருத்தினேன். சொல்லிவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்.

அப்போதுதான் மடித்த விரிப்புகளின் மேல் அவருடைய தொலைபேசியைக் கண்டேன். ஜன்னலுக்கு வெளியே இருபது அடி தூரத்தில், பனியில் அவருடைய முதுகு. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். வாயைத் திறந்தேன். அம்மா படலையில் நின்றது கண்ணுக்குள் வந்தது. பின்னால் கூப்பிடாமல், சுற்றிப் போய் எதிரே வந்து கொடுத்தால் குற்றமில்லை என்று எனக்குத் தோன்றியது. நடைபாதை, சமையலறை, முன்வாசல் என்று ஓடினேன். நான் எதிர்ப் பக்கமாய் வந்து நின்றபோது பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

அந்தப் பஸ் மறையுமுன்னே தொலைபேசி என் கையில் அதிர்ந்தது. திரையில் மகனின் படம். பனி உறைந்த ஆற்றின் மேல் மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்திருந்தான். அடித்து ஓய்ந்தது. மீண்டும் அடித்தது. மூன்றாம் முறை எடுத்தேன். அவன் மிகத் தணிந்த குரலில், ஆனால் வேகமாகப் பேசினான், ஒளிந்திருந்து பேசுகிறவனைப் போல. அவனுக்குப் பின்னால் யாரோ கதவைத் தட்டும் சத்தம். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. "மம்மா?" என்று கேட்டான். அம்மா பஸ்ஸில் வருகிறார் என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. மணி சரியாகத்தான் அடித்தது. அந்த நேரம் பார்த்து நாக்கில்லாமல் நின்றவன் நான்.

வரவேண்டாம் என்றானா, கெதியாக ஓடி வா என்றானா, தெரியாது. விமான நிலையத்துக்கும் ஓடினேன். அவர் உள்ளே போய்விட்டார். விடுப்பு முடிந்தும் அக்கா வரவில்லை. இல்லத்துப் பொறுப்பாளர் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் இல்லை. "எல்லையிலை போனைத் திறந்து பாப்பினமாம். வேணுமெண்டே விட்டுட்டுப் போயிருப்பா" என்று மனைவி என்னைத் தேற்றினாள். இருக்கலாம். அப்படியானால் ஏன் அவளால் அந்தத் திரையைப் பார்க்க முடிவதில்லை என்று நான் கேட்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமைக் காலை. மகள் பல்கலைக்கழகத்துக்கு ஓடினாள், நுழைவு அட்டை மேசையில் கிடந்தது. மாடியிலிருந்து பலமாகக் கத்தினேன்: "பிள்ளை! நில்!"

"அப்பா, டோக் போகப் போகுது!" என்று ரயில் நிலையத்தைக் காட்டிக் கீழேயிருந்து கத்தினாள்.

"ஐயோ, பின்னாலை கூப்பிடாதேங்கோ, எத்தினை தரம் சொல்லுறது" என்று மனைவி நெஞ்சில் கை வைத்தாள். நான் இன்னொரு முறையும் கூப்பிட்டேன். மகள் முணுமுணுத்தபடி திரும்பி வந்து அட்டையை வாங்கிப் போனாள்.

பிறகு விளக்கேற்றினேன். தொலைபேசியைக் கொழுவினேன். ஆறு, சிவப்புத் தேவாலயம், நட்சத்திரங்கள். இணைப்பை எப்போதோ வெட்டியிருப்பார்கள் என்று மகள் சொல்கிறாள். ஆனாலும் ஒலியைக் கடைசி அளவுக்குக் கூட்டி வைத்தேன். லாச்சியை முழுதாக மூடாமல் விட்டேன், அடித்தால் அடுப்படிக்கும் கேட்கட்டும் என்று.